சீதாலக்ஷ்மி மன்னி பார்த்த மெடிக்கல் பொருத்தம்

பெற்ற பெண்ணின் கல்யாணத்தை இரண்டே எழுத்தில் நிறுத்தப் பார்த்தவள் என் மன்னி. சீர் செனத்தியில் சண்டை இல்லை, ஜாதகத்தில் கோளாறு இல்லை, பையன் குடிக்கிறான் என்று புகாரும் இல்லை. ஆர்.ஓ. என்ற இரண்டு எழுத்துத்தான். எங்கள் வலியசாலையில் இதற்கு முன்னாலும் கல்யாணங்கள் நின்றிருக்கின்றன. பாயசம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே நின்றதும் உண்டு. ஆனால் ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டுக்காக நின்ற கல்யாணம் என்று தெருவின் சரித்திரத்தில் ஒன்று இருக்கட்டும் என்று மன்னிக்குத் தோன்றிவிட்டது.

மன்னி என்றால் சீதாலக்ஷ்மி, என் கணவரின் அண்ணா சுந்தரராமனின் மனைவி. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே தும்முவோம். ஆகவே நான் சொல்லப்போவதெல்லாம் கண்ணால் பார்த்ததும் சுவர் வழியாகக் கேட்டதும்தான். நான் அவளுக்கு ஓர்ப்படி. என்னிடமிருந்து புகழ்மாலை எதிர்பார்க்கிறவர்கள் இந்த இடத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

மன்னி மருத்துவம் கற்ற இடம் அவள் வீட்டு அடுக்களை. அவளுடைய ஒரே பெண் சுப்ரியா மைக்ரோபயாலஜி படித்துவிட்டுக் கொஞ்ச நாள் வீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கழக்கூட்டத்தில் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனியில் பயிற்சிக்கு எடுத்தார்கள். அமெரிக்காவில் ஒருவனுக்கு வயிறு வலித்தால் அவனுடைய டாக்டர் எழுதிய குறிப்பு கடல் கடந்து இங்கே வரும். அதைப் படித்து, இன்ன நோய்க்கு இன்ன எண் என்று போட்டு அனுப்பவேண்டும். அப்போதுதான் அங்கே இன்ஷூரன்ஸ்காரன் பையைத் திறப்பான். எங்கேயோ யாருக்கோ வயிறு வலிக்கிற புண்ணியத்தில் எங்கள் தெருப் பெண்கள் பலபேர் ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார்கள்.

டாக்டர்கள் முழு வார்த்தை எழுதுவதில்லை. எல்லாம் சுருக்கம். அந்தச் சுருக்கங்களை மனப்பாடம் செய்து பரீட்சையில் தேறினால்தான் வேலை நிரந்தரம். சுப்ரியா சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் அடுக்களை மேடையில் ஏறி உட்கார்ந்து, கம்பெனி கொடுத்த தடிப் புத்தகத்தை அம்மாவின் கையில் திணித்து, "கேளும்மா" என்பாள். மன்னி ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் புத்தகமுமாகக் கேட்பாள்.

"பி.டி.?"

"தினம் ரெண்டு வேளை. ஓ.டி.ன்னா ஒரு வேளை."

"டி.டி.எஸ்.?"

"மூணு வேளை."

"எஸ்.ஓ.எஸ்.?"

"தேவைப்பட்டா மட்டும்."

"என்.பி.ஓ.?"

"வாய் வழியா ஒண்ணும் குடுக்கப்டாது."

"அதுக்கு ஏகாதசின்னு எழுதினாப் போறாதோ?"

"அம்மா! அடுத்ததைக் கேளு!"

இரண்டு பேரும் சிரிப்பது இங்கே கேட்கும். மைத்துனர் சுந்தரராமன் பேசுகிற மனிதரல்ல. பொதுப்பணித் துறையில் இருந்தபோதே அளந்துதான் பேசுவார். ஓய்வு பெற்ற பிறகு நாக்குக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார். ஆக அந்த வீட்டில் மனிதக் குரல் என்று கேட்பது அந்தச் சாயங்கால நேரத்தில் மட்டும்தான்.

மன்னிக்கு சகஸ்ரநாமம் தலைகீழாகத் தெரியும். அதே முறையில் இதையும் உருப்போட்டாள், அகர வரிசையில், ராகத்தோடு. பூத்தொடுக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தால், பெருமாளா பிரஷரா என்று கிட்டப் போய்க் கேட்டால்தான் தெரியும். ஒரே ஒரு சங்கடம். நடுவிலிருந்து எடுத்துக் கேட்டால் வராது. கண்ணை மூடி, அந்த எழுத்தின் ஆரம்பத்திலிருந்து முணுமுணுத்து வந்து சரியான இடத்தில் இறங்குவாள். பட்டியல் முடிந்த பிறகு புத்தகத்தில் விதிமுறைகள் என்று ஒரு பெரிய பகுதி உண்டு. எந்தச் சுருக்கத்தை எப்படி எடுத்துக்கொள்ளவேண்டும், எதைக் கண்டுகொள்ளக் கூடாது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அங்கே நாமாவளி இல்லாததால் மன்னி அந்தப் பக்கம் போகவில்லை.

பரீட்சை நெருங்கியபோது சுப்ரியாவுக்குப் படபடப்பு வந்தது. சரியாகத் தூங்காமல் காபியில் உயிர் வாழ்கிற பெண்ணுக்கு வேறென்ன வரும்? மன்னி அவளை ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஓ.பி.க்கு அழைத்துப் போனாள். துணைக்கு நானும் போனேன். டாக்டர் ஷீஜா சின்ன வயசு, பொறுமைசாலி. அந்தப் பொறுமைக்கு அன்றைக்குச் சோதனை வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது.

"எந்தா மோளே ப்ரஷ்னம்?" என்று, என்ன தொந்தரவு என்பதை அவர் மலையாளத்தில் சுப்ரியாவைத்தான் கேட்டார்.

"பால்பிடேஷன், டாக்டர்," என்றாள் மன்னி. "ஓ.டி.யும் இல்லை, பி.டி.யும் இல்லை. எஸ்.ஓ.எஸ்.ஸா வரது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா நர்ஸாணோ?"

"ஏய், அதெல்லாம் இல்லை. ஒரு தால்பர்யம். அவ்வளவுதான்."

அந்தத் தால்பர்யம், அதாவது ஆர்வம், அதோடு நிற்கவில்லை. "ஆர்.ஓ. தைராய்டுன்னு எழுதிக்கோங்கோ டாக்டர்," என்றாள். ஆர்.ஓ. என்றால், இந்த நோய் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளவேண்டும் என்று டாக்டர்கள் தங்களுக்குத் தாங்களே எழுதிவைக்கிற ஞாபகக் குறிப்பு. வாசற்கதவைப் பூட்டினோமா என்று திரும்பிப் பார்ப்பதில்லையா, அதுபோல. மன்னி எங்கள் வம்சத்தின் எல்லாக் கதவுகளையும் அன்றைக்கே ஆட்டிப் பார்த்துவிட்டாள். தைராய்டு எழுத வைத்தாள். ரத்தசோகை எழுத வைத்தாள். அவளுடைய சித்தியின் நெஞ்சுவலியை நினைவுகூர்ந்து இருதயத்தையும் எழுத வைத்தாள். யாரோ ஒரு சித்தப்பா பிள்ளைக்குக் குழந்தையில் ஒரு தரம் வெட்டி இழுத்ததாம். அதற்காக வலிப்பும் சீட்டில் ஏறியது. வெளியே வராந்தாவில் கூட்டம் நின்றது. மறுத்துப் பேசுவதைவிட எழுதிவிடுவது சீக்கிரம் முடியும் என்று டாக்டர் கண்டுகொண்டார்.

பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. காபியைக் குறைத்து நன்றாகத் தூங்கச் சொன்னார்கள். இத்தனை எழுத வைத்தும் ஒன்றும் தேறவில்லையே என்று மன்னிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் அந்தச் சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு, சுப்ரியாவின் ஜாதகத்தோடு சேர்த்து அலமாரியில் வைத்தாள். சுப்ரியா தூங்கினாள், பரீட்சை எழுதினாள், தேறினாள். வேலை நிரந்தரமானது.

மகள் தேறியதும் அம்மாவும் தேறிவிட்டதாகத் தெருவில் ஓர் அபிப்பிராயம் உண்டாயிற்று. அதை உண்டாக்கியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மைத்துனருக்குக் காபி பி.டி. ஆயிற்று. சாம்பார் ஓ.டி., அப்பளம் எஸ்.ஓ.எஸ்., என்னோடு சண்டை டி.டி.எஸ். ஆஸ்பத்திரியிலிருந்து யார் திரும்பினாலும் வீட்டுக்குப் போகிற வழியில் மன்னியிடம் டிஸ்சார்ஜ் காகிதத்தைக் காட்டிவிட்டுத்தான் போனார்கள். எதிர்வீட்டு நாகேஸ்வரன் மாமா ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து வந்தார். அவருக்கு இருக்கிற சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் சுருக்கெழுத்தில் மன்னி ராகத்தோடு படித்துக் காட்டியபோது மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். பி.காம். என்று பேருக்குப் பின்னால் போட்டுக்கொண்டபோதுகூட அவருக்கு அவ்வளவு பெருமை இருந்திருக்காது. அதன் பிறகு தெருவில், எழுத்து அதிகம் உள்ளவர்களுக்கு மரியாதையும் அதிகம் என்றாகிவிட்டது. ஒன்றும் இல்லாத ஆரோக்கியசாலிகள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தோம்.

இந்த நிலையில்தான் வினய்யின் ஜாதகம் வந்தது. கரமனைப் பையன். அப்பா இல்லை, அம்மா கோமதி மாமி மட்டும். விழிஞ்ஞத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் வேலை. கல்யாணம் ஆன கையோடு சிங்கப்பூர் ஆபீஸுக்கு மாற்றலாகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஜோசியர் பார்த்தார், பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார். பெண்ணும் பிள்ளையும் சங்குமுகம் கடற்கரைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். வந்த அன்றைக்கு, அடுப்பைப் பற்றவைக்கக்கூடச் சோம்பல்படுகிற சுப்ரியா, பாடிக்கொண்டே ரசம் வைத்தாள். உப்பு இல்லை. யாரும் சொல்லவில்லை. அவளுக்குப் பிடித்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கே மன்னி எங்கள் வீட்டுக்கு வந்து, வந்த காரியம் என்னவென்று சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "சிங்கப்பூர்லேர்ந்து வரதுக்கு எத்தனை நாழி ஆகும் ஸ்ரீ?" என்றாள்.

"நாலஞ்சு மணி நேரம் மன்னி. எங்காத்துக்காரர் பாலக்காட்டுக்குப் போய்ட்டு வரதைவிடச் சீக்கிரம்."

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் கோமதி மாமிக்கு ஃபோன் போட்டாள்.

"ஜாதகம் பார்த்தாச்சு, சந்தோஷம். இனி பையனோட மெடிக்கல் ரெக்கார்டு ஒண்ணு அனுப்பித் தாங்கோ. பொருத்தம் பார்க்கணும்."

"அது என்ன மாமி புதுசா ஒரு பொருத்தம்?"

"இந்தக் காலத்துல அதுதான் முக்கியம், கேட்டேளா? எங்களுக்கு அதெல்லாம் படிக்கத் தெரியும்."

கோமதி மாமிக்குச் சுள்ளென்று வந்திருக்கும். ஆனால் வினய் சிரித்துவிட்டு, வீட்டில் இருந்த ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எல்லாவற்றையும் ஃபோனில் படம் பிடித்து அனுப்பினான். ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் செய்கிற காரியம் அது. அதில் அவன் காலேஜில் படித்தபோது மழைக்காலத்தில் ஜுரம் வந்து காட்டிய ஓ.பி. சீட்டு ஒன்றும் இருந்தது. ஆர்.ஓ. டெங்கு, ஆர்.ஓ. எலிப்பனி, அதாவது எலிக்காய்ச்சல், ஆர்.ஓ. டி.பி. என்று டாக்டர் எழுதியிருந்தார். மழைக்காலத்தில் இந்த ஊரில் ஜுரத்தோடு வருகிறவனுக்கு எந்த டாக்டரும் எழுதுவதுதான். கீழேயே மூன்றும் இல்லை, சாதாரண ஜுரம் என்றும் எழுதியிருந்தது.

மன்னி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "மூணு இருக்கு ஸ்ரீ."

"மூணும் இல்லைன்னு கீழ எழுதியிருக்கே மன்னி."

"இல்லாததை எதுக்கு எழுதணும்? செவ்வாய் ஏழாம் எடத்துல நின்னா நின்னதுதான். கீழே யாரோ என்னமோ எழுதினா எறங்கிப் போயிடுமா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் ஆஸ்பத்திரிச் சீட்டை ஜாதகக் கட்டம் படிப்பதுபோலப் படிக்கிறாள். ஜாதகத்தில் ஒரு கிரகம் ஒரு வீட்டில் உட்கார்ந்தால் ஆயுசுக்கும் அங்கேதான். பரிகாரம் செய்யலாம், கிளப்ப முடியாது. டாக்டரின் சந்தேகமும் அவளுக்கு அப்படித்தான், எழுதியாயிற்று என்றால் தோஷம் ஏறியாயிற்று. வலியசாலையைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் எலிப்பனி ஏழாம் வீட்டில் நின்றிருக்காது.

கோமதி மாமியிடம் மன்னி, "கொஞ்சம் யோசிக்கணும்" என்றாள். எங்கள் மனிதர்களிடையே கல்யாண விஷயத்தில் யோசிக்கணும் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். ஏன் வேண்டாம் என்று தெருவில் கேட்டவர்களுக்கு அவள் காரணத்தையும் சொன்னாள். பொய் சொல்லவில்லை. "ஆர்.ஓ. டி.பி." என்றுதான் சொன்னாள். நாகேஸ்வரன் மாமா ஆர்.ஓ.வை விட்டுவிட்டு மீதியை மட்டும் ஆரியசாலைக்கு எடுத்துப் போனார். அங்கே மொத்தக் கடை வாசலில் பெருங்காயம் வாங்க நின்றவர்களிடம் பேச்சு பரவி, சாலைக் கம்போளக் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் வினய்க்கு ஒரு நுரையீரலே இல்லை என்று ஆகிவிட்டது.

கோமதி மாமியின் ஃபோன் எங்கள் வீட்டுக்கே வந்தது, மன்னி எடுக்காததால்.

"என் பிள்ளைக்கு டி.பி.ன்னு ஊரெல்லாம் பேச்சு. ஒத்தைக்கு ஒத்தையா வளர்த்த பிள்ளை. இனி அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? உங்க மன்னிகிட்டச் சொல்லுங்கோ, அவா பொண்ணோட ஃபைலையும் அனுப்பச் சொல்லுங்கோ. நாங்களும் ஒண்ணு படிச்சுப் பார்க்கறோம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிக்கு இருக்கவில்லை. "பேஷா அனுப்பறேன். நம்மளுது க்ளீன்" என்று, பிளாஸ்டிக் உறையிலிருந்து சீட்டை எடுத்து, படம் பிடித்து அனுப்பினாள். அதில் அவளே சொல்லிச் சொல்லி எழுத வைத்தவை வரிசையாக உட்கார்ந்திருந்தன. அதற்குள் கோமதி மாமியும் யூட்யூபில் பார்த்து ஆர்.ஓ. கற்றுக்கொண்டிருந்தாள். பதில் வாய்ஸ் மெஸேஜாக வந்தது: "எங்காத்துல மூணு, உங்காத்துல நாலு. போறாததுக்கு வலிப்பு வேற. நாங்களும் யோசிக்கணும்."

சாயங்காலம் சுப்ரியா வந்தாள். வினய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அவள் சத்தம் போடுவாள் என்று நான் சுவர்ப்பக்கம் போய் நின்றேன். பிறகு பொறுக்காமல் அங்கேயே போய்விட்டேன். அவள் சத்தம் போடவில்லை. அந்தப் புத்தகத்தை எடுத்து, பட்டியல் முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைப் பிரித்து மேடையில் வைத்தாள்.

"படிம்மா. ஓ.பி. சீட்டுல ஆர்.ஓ.ன்னு எழுதியிருந்தா அதுக்கு நம்பர் போடப்டாது. போட்டா எனக்கு மெமோ வரும். டாக்டரோட சந்தேகம் நோயே இல்லை. வந்தவன் என்ன சொல்லிண்டு வந்தான், அந்தக் கம்ப்ளெய்ன்டுக்கு மட்டும்தான் நம்பர். ஜுரம்னா ஜுரம். படபடப்புன்னா படபடப்பு. முதல் வாரமே சொல்லித் தந்துட்டா. நீ லிஸ்ட் முடிஞ்ச உடனே மூடி வெச்சுட்டே."

மன்னி வாயைத் திறந்தாள்.

"எனக்கு வினயைப் பிடிச்சிருக்கு. எனக்கு அது ஒண்ணுதான் கம்ப்ளெய்ன்ட். எழுதிக்கோ."

சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அவள் அப்போது அடுத்த கட்டப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து தனியாகப் படித்தாள். சாயங்காலம் மன்னி சாம்பாரைக் கிளறுவாள், மேடை காலியாக இருக்கும், மைத்துனர் பேப்பர் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு அவள்மேல் அடங்காத கோபம் இருந்தது. பொழுது போகாமல் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் விளையாடுகிறாளே என்ற கோபம். ஆனால் அந்தக் காலி மேடையைப் பார்த்தபோது கூடவே பரிதாபமும் வந்து தொலைத்தது. ஓர்ப்படிமேல் பரிதாபம் வருவது ஒரு நல்ல சண்டைக்காரிக்கு அழகில்லை.

மன்னி நேரே நின்று தோற்கிறவள் அல்ல. முதலில் வேறு வழி தேடினாள். என்னை இழுத்துக்கொண்டு டாக்டர் ஷீஜாவிடம் போனாள். "அந்தச் சீட்டுலேர்ந்து நாலையும் எடுத்துத் தரணும் டாக்டர். ஒரு கல்யாணக் காரியம்."

டாக்டர் கம்ப்யூட்டரில் அந்தச் சீட்டின் நகலைத் திறந்தார். மன்னியை அடையாளம் தெரிந்துகொண்டார். இல்லை, மறந்தே இருக்கமாட்டார்.

"எழுதியது மாய்க்கான் பற்றில்ல அம்மே. கூட்டிச் சேர்க்கானே பற்றூ," என்றார். எழுதியதை அழிக்க முடியாது, மேலே சேர்க்கத்தான் முடியும். நாலும் இல்லை, பெண் ஆரோக்கியமாக இருக்கிறாள் என்று கீழே ஒரு குறிப்பு சேர்த்து அச்செடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது சிரித்துக்கொண்டே, "இதில் ஒந்நும் ஞான் பறஞ்ஞதல்லல்லோ" என்றார். அவர் சொல்லி எழுதியது அதில் ஒன்றுகூட இல்லை என்பது மன்னிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளியே ஆட்டோவில் ஏறியதும் அவள் ஆட்டோக்காரரிடம் வலியசாலை என்று சொல்லவில்லை. "கரமனை" என்றாள்.

கோமதி மாமி எங்களை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் உட்காரச் சொன்னாள். தேங்காய்ச் சேவையும் காபியும் கொண்டுவந்து வைத்தாள். கோபமாக இருக்கிற வீட்டில்தான் உபசாரம் எப்போதும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். வினய் ஆபீஸ் போயிருந்தான். மன்னி டாக்டரின் புதுக் குறிப்பை நீட்டினாள். கோமதி மாமி கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"அப்போ உங்க பொண்ணுக்கு இதெல்லாம் இல்லையாக்கும்?"

"இல்லை மாமி. படபடப்புன்னு போனோம். நான்தான் அதையும் இதையும் சொல்லி எழுத வெச்சேன். எனக்குப் பெரிய டாக்டர்னு நெனப்பு."

இதை அவள் வாயிலிருந்து கேட்க நான் எத்தனையோ வருஷம் காத்திருந்திருக்கிறேன். கேட்டபோது கையிலிருந்த சேவைத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஆர்.ஓ.ன்னா, இல்லைன்னு பார்த்துக்கறதுக்கு எழுதறது. அல்லே?" என்றாள் கோமதி மாமி.

"ஆமாம்."

"எங்க வினய்க்கு எழுதினதும் அதுதானே?"

"அதுவும் அதுதான்."

"இது உங்களுக்கு இன்னிக்குத்தான் தெரியுமா, அன்னிக்கே தெரியுமா?"

மன்னி காபி டம்ளரைப் பார்த்தாள். அவள் பட்டியலை உருப்போட்ட விதம் எனக்குத் தெரியும். ஆர் என்ற எழுத்தில் ஆரம்பித்து அந்த இடத்துக்கு வரும்போது அர்த்தத்தையும் சேர்த்துத்தான் பாடுவாள். அர்த்தத்தை மறந்துபோனேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். செவ்வாயைக் காரணம் காட்டியிருக்கலாம். கோமதி மாமிகூட அதை ஏற்றுக்கொண்டிருப்பாள்.

"அன்னிக்கே தெரியும்," என்றாள்.

"பின்னே?"

"சிங்கப்பூர்னு சொன்னேளே."

கோமதி மாமிக்குப் புரியவில்லை. எனக்கும் ஒரு நிமிஷம் புரியவில்லை.

"எங்காத்துல வேற பேச்சு கிடையாது மாமி. சாயங்காலம் அவ வந்து மேடைல ஒக்காந்து, கேளும்மாம்பா. அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு. அவ போயிட்டா நான் யார்கிட்ட என்னத்தைக் கேக்கறது? பையன்கிட்ட ஏதாவது குத்தம் இருக்கணும்னு தேடினேன். ஒண்ணும் இல்லை. அந்தச் சீட்டு கெடச்சது." புடவைத் தலைப்பைத் தேடினாள். "உங்க பிள்ளை தங்கமான பிள்ளை. ஊரெல்லாம் நான் அவன் பேரைக் கெடுத்தேன். நான்தான் போய் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லணும். சொல்றேன்."

கோமதி மாமி கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள். அவளும் ஒரே பிள்ளையைச் சிங்கப்பூருக்கு அனுப்பப் போகிறவள்தான். இத்தனை ரகளையில் அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில், "சேவை ஆறறது. சாப்பிடுங்கோ" என்றாள்.

மன்னி சொன்னபடி செய்தாள். நாகேஸ்வரன் மாமா வீட்டிலிருந்து ஆரம்பித்து, ஆரியசாலையில் பெருங்காயக் கடைவரை போய், பையனுக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்றாள். மாமா ஏமாந்துபோனார். நல்ல சேதிக்கு அவ்வளவு வேகம் கிடையாதாகையால் வினய்யின் நுரையீரல் திரும்பிவரக் கொஞ்ச காலம் பிடித்தது. சித்திரையில் கல்யாணம் நடந்தது. கைகழுவும் இடத்தில் யாரோ ஒருவர் டிஸ்சார்ஜ் காகிதத்தோடு மன்னியைத் தேடி வந்தார். அவள் டாக்டரையே கேட்கச் சொல்லி அனுப்பினாள். அந்த வருஷத்தில் தெருவில் நடந்த அதிசயம் அதுதான்.

சுப்ரியா சிங்கப்பூரிலிருந்து கம்பெனிக்கு வேலை செய்கிறாள். இன்னும் ஏதோ பரீட்சை பாக்கி இருக்கிறது. சாயங்காலமானால் மன்னி ஃபோனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து மேடையில் வைத்து, கரண்டியும் புத்தகமுமாக நிற்கிறாள். இப்போது விதிமுறைப் பகுதியைக் கேட்கிறாள். அதையும் ராகத்தோடுதான் படிக்கிறாள். திருந்தாத ஜன்மம்.

ஒரு நாள் கேள்வியெல்லாம் முடிந்த பிறகும் சுப்ரியா ஃபோனை வைக்கவில்லை. "நீ எப்பப் பார்த்தாலும் என்னைத்தான் கேக்கறே," என்றாள். "உனக்கு என்னம்மா கம்ப்ளெய்ன்ட்?"

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது.

"நீ இங்கே இல்லை," என்றாள் மன்னி. "அது ஒண்ணுதான். எழுதிக்கோ."

நான் மிக்ஸியைப் போட்டுவிட்டேன். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.